'காஸ்க் ஸ்ட்ரெங்த்' விஸ்கி: போத்தலில் 60 என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா வாங்கிவரச் சொல்லியிருப்பார், அல்லது உங்களுக்கே தெரிந்துகொள்ள ஆசை. விஸ்கி அடுக்கில் இரண்டு போத்தல்கள். இரண்டும் சிங்கிள் மால்ட், இரண்டும் ஸ்காட்லந்து. ஒன்றில் "40%". பக்கத்தில் உள்ளதில் "60%". அதன்மேல் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' என்றும் போட்டிருக்கிறது.

'ஐயோ, 60-ஆ? தொண்டை வெந்துடும்' என்பார் ஒருவர். 'அதிகமா இருந்தா நல்ல சரக்குதானே?' என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி.

அந்த எண் தரத்துக்கான மதிப்பெண் இல்லை. வீரத்துக்கான சவாலும் இல்லை. விஸ்கி தயாரிப்பில் கடைசியாக ஒரு வேலை உண்டு: தண்ணீர் சேர்ப்பது. அதை வடிசாலை செய்யாமல் உங்களிடம் விட்டுவிட்டது. அதைத்தான் அந்த எண் சொல்கிறது.

அதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துதான் சுவை, செலவு, உடம்புக்குள் போகும் மதுவின் அளவு எல்லாமே.

(சிங்கப்பூரில் மது வாங்க 18 வயது ஆகியிருக்கவேண்டும். மலேசியாவில் 21. குடிக்காதவர்களும் தாராளமாகத் தொடர்ந்து படிக்கலாம். இதில் பாதிக்குமேல் வேதியியல்தான்.)

முதலில், சிங்கிள் மால்ட் என்றால் என்ன?

சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலையில் தயாரானது. 'மால்ட்' என்றால் முளைகட்டிய பார்லி. நம் வீட்டில் பயறு முளைகட்டுவதுபோலத்தான்: ஊறவைத்து, முளைவிட்டதும் உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து, நொதிக்கவைத்து, செம்புக் கலனில் வடிக்கிறார்கள்.

ஸ்காட்ச் விஸ்கிக்கு 2009-இல் வந்த பிரிட்டிஷ் விதிமுறை ரொம்பக் கறார். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு இருக்கவேண்டும். பீப்பாயின் கொள்ளளவு 700 லிட்டரைத் தாண்டக்கூடாது. போத்தலில் அடைக்கும்போது மதுவின் அளவு 40 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. தண்ணீரையும் நிறத்துக்கான கேரமலையும் தவிர வேறு எதையும் சேர்க்க அனுமதியில்லை.

அந்தத் தண்ணீர்தான் நம் கதாநாயகன்.

பீப்பாயிலிருந்து போத்தல்வரை

கலனிலிருந்து வடிந்து வரும்போது அந்தத் திரவம் தண்ணீர்போல நிறமற்று இருக்கும். மதுவின் அளவு ஏறக்குறைய 70 விழுக்காடு. கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, வழக்கமாக 63.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்றுகிறார்கள். பிறகு காத்திருக்கவேண்டியதுதான்.

மரம் மூச்சுவிடும். பீப்பாயில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஸ்காட்லந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு இப்படிக் காற்றோடு போய்விடும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். ஸ்காட்லந்தின் காற்று குளிர்ந்தது, ஈரமானது. அதனால் தண்ணீரைவிட மதுவே கொஞ்சம் கூடுதலாக வெளியேறும். ஆண்டு ஏற ஏற வலிமை இறங்கும். பத்து ஆண்டு இருந்தது 57 முதல் 61 விழுக்காடுவரை இருக்கலாம். முப்பது ஆண்டைத் தாண்டிய சில பீப்பாய்கள் 45-க்கும் கீழே இறங்கிவிடுவது உண்டு. 40-க்குக் கீழே போய்விட்டால் அதை விஸ்கி என்று விற்கவே முடியாது.

பெரும்பாலான நிறுவனங்கள் பல பீப்பாய்களை ஒன்றுசேர்த்து, தண்ணீர் ஊற்றி, 40, 43 அல்லது 46-க்குக் கொண்டுவந்து அடைக்கின்றன. அந்தத் தண்ணீரைச் சேர்க்காமல், பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைத்தால் அது காஸ்க் ஸ்ட்ரெங்த். காஸ்க் என்றால் பீப்பாய், அவ்வளவுதான்.

கோப்பிக் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கிள் நீண்ட மூக்குவைத்த பாத்திரத்திலிருந்து கெட்டிச் சாற்றை ஊற்றுவார். அதற்குமேல் வெந்நீர். 'காவ்' என்று கேட்டால் வெந்நீர் குறையும், 'போ' என்று கேட்டால் கூடும். காஸ்க் ஸ்ட்ரெங்த் என்பது வெந்நீர் ஊற்றுவதற்கு முந்திய அந்தச் சாறு. வெந்நீர்ப் பாத்திரத்தையும் அங்கிள் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

'105' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் சுவை பிடிபடாது. ஒரு போத்தலை எடுத்துக்கொள்வோம்: கிளென்ஃபார்க்ளஸ் 105.

ஸ்காட்லந்தின் வடகிழக்கே ஸ்பே ஆற்றையொட்டிய வட்டாரம் ஸ்பேசைட். நாட்டின் வடிசாலைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடம். அங்கே பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது கிளென்ஃபார்க்ளஸ். 1836-இல் உரிமம் பெற்றது. 1865-இல் கிராண்ட் குடும்பம் வாங்கியது. இன்றுவரை அதே குடும்பத்தின் கையில்தான். பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் வடிசாலைகளை வாங்கிக் குவிக்கும் தொழிலில் இது அபூர்வம்.

1968-இல், அப்போதைய உரிமையாளர் கிறிஸ்துமஸ் பரிசாக உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கப் பீப்பாயிலிருந்து அப்படியே கொஞ்சம் எடுத்து அடைத்தாராம். அதிலிருந்துதான் 105 பிறந்தது என்கிறது நிறுவனம்.

ஆனால் போத்தலில் இருப்பது 60 விழுக்காடு. அப்படியானால் 105?

அது பழைய பிரிட்டிஷ் 'ப்ரூஃப்' கணக்கு. அந்தக் கணக்கில் 100 என்பது இன்றைய 57.1 விழுக்காடு. 105 என்பது சரியாக 60. 1980-இல் பிரிட்டன் விழுக்காட்டுக் கணக்குக்கு மாறிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவின் 'ப்ரூஃப்' வேறு. அங்கே விழுக்காட்டை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ப்ரூஃப். அமெரிக்கப் போத்தல் ஒன்றில் 105 என்றிருந்தால் அது 52.5 விழுக்காடுதான். இணையத்தில் இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கூர்ந்து பார்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். பீப்பாய்க்குப் பீப்பாய் வலிமை மாறும் என்றால், ஒவ்வொரு முறையும் எப்படிச் சரியாக 60 வருகிறது? நியாயமான கேள்வி. பல பீப்பாய்களை அளந்து கலந்து அந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால்தான் வரும். தானாக வராது. அதனால் 105-ஐ 'ஒரு பீப்பாயின் குரல்' என்று நினைக்கவேண்டாம். அது ஒரு பாட்டுக் குழு. ஆனால் சுருதி எப்போதும் மாறாது.

சரி, எப்படி இருக்கும்?

முதலில் நிறம். பழைய பித்தளைக்கும் தேனுக்கும் இடைப்பட்ட நிறம். கிளென்ஃபார்க்ளஸ் கேரமல் நிறம் சேர்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் பீப்பாயிலிருந்து வந்தது.

எந்தப் பீப்பாய் என்பதுதான் இங்கே முக்கியம். அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாய் வெனிலா, தேங்காய் வாசத்தைக் கொடுக்கும். கிளென்ஃபார்க்ளஸ் பெரிதும் நம்புவது ஷெர்ரி பீப்பாயை. ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் வட்டாரத்தில் தயாராகும் திராட்சை மது அது. அதில் ஊறிய மரத்தில் விஸ்கியை ஊற்றினால் உலர்திராட்சை, அத்தி, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, இலவங்கப்பட்டை எல்லாம் வந்து சேரும். கிறிஸ்துமஸ் பழக் கேக் சாப்பிட்டிருக்கிறீர்களா? டப்பாவைத் திறந்ததும் ஒரு வாசம் வருமே, கிட்டத்தட்ட அது.

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோங்கள். உள்ளே மூக்கை விடாதீர்கள்! 60 விழுக்காட்டு ஆவி மூக்கின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்துவிடும். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு எந்த வாசமும் தெரியாது. ஒரு சாண் தள்ளிவைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மெதுவாக நெருங்குங்கள். முதலில் வருவது மதுவின் நெடி. அதற்குப் பின்னால் ஆப்பிள், கெட்டியான டாஃபி, பாலிஷ் போட்ட மரம்.

இப்போது வாய். அரைத் தேக்கரண்டி போதும். நாக்கில் பட்டதும் இனிப்பு. எரித்த சர்க்கரையின் இனிப்பு, கூலா மலாக்காவை நினைவூட்டும். இரண்டு வினாடிகூட இருக்காது, எரிச்சல் அலையாக வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அது இறங்கியதும் மிளகு, சுக்கு, ஓக்கின் துவர்ப்பு. விழுங்கிய பிறகு நெஞ்சுவரை சூடு. கடைசியில் ரொம்ப நேரம் கழித்து, அடுப்பு அணைந்த வீட்டில் நிற்பதுபோல ஒரு மெல்லிய புகை.

எடை என்று ஒன்று உண்டு. இதை விவரிப்பது கஷ்டம். சாதாரண 40 விழுக்காட்டு விஸ்கி வாயில் தண்ணீர்போல ஓடும். இது எண்ணெய்போல நாக்கில் படியும். மதுவின் அளவு ஒரு காரணம். இன்னொன்று கலனுக்கு அடியில் இருக்கும் நெருப்பு. இன்று பெரும்பாலான வடிசாலைகள் நீராவிக் குழாயால் கலனைச் சூடாக்குகின்றன. கிளென்ஃபார்க்ளஸ் இன்னும் அடியிலேயே நேரடியாக எரிவாயு நெருப்பு வைக்கிறது. அடிப்பிடிக்காமலிருக்க உள்ளே செம்புச் சங்கிலி சுற்றிச் சுற்றிச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை நீராவிக்கு மாறிப் பார்த்து, சுவையின் உடம்பே போய்விட்டது என்று பழையபடி நெருப்புக்கே திரும்பியதாக நிறுவனத்தார் சொல்வார்கள். விறகடுப்புக் குழம்பையும் மின்னடுப்புக் குழம்பையும் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்த எரிச்சல் சுவையா?

இல்லை. மிளகாயின் காரமும் சுவை இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு வாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் டிஆர்பிவி1. வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது 'சுடுது!' என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயில் உள்ள கேப்சைசின் அதை ஏமாற்றித் தூண்டிவிடுகிறது.

மது என்ன செய்கிறது? அந்த வாங்கியின் எல்லையைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. நம் உடம்பின் வெப்பமே 37 டிகிரி. அதாவது, உங்கள் வாயின் சொந்தச் சூடே உங்களைச் சுடுவதுபோல் ஆகிவிடுகிறது. விஸ்கி எரிக்கவில்லை. 'நீ எரிகிறாய்' என்று நரம்புக்குச் சொல்லிவிடுகிறது.

ஆக, 60 விழுக்காட்டை அப்படியே குடித்துவிட்டு 'செம கிக்கு, செம டேஸ்ட்' என்பவர் பெரும்பாலும் அனுபவிப்பது முதலாவதைத்தான். மிளகாய் அள்ளிப்போட்ட குழம்பில் மீன் எதுவென்று சொல்ல முடியுமா?

தண்ணீர் ஊற்றினால் 'கெட்டுப்போகாதா'?

இதுதான் நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி நடக்கும் சண்டை. 'நல்ல விஸ்கியில தண்ணி ஊத்துறியே!' என்று முறைப்பார்கள்.

விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முகர்ந்து பார்ப்பதற்குமுன் தண்ணீர் சேர்த்து ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொள்வது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். நெடி விலகினால்தான் குறையும் நிறையும் தெரியும் என்பதால்.

அறிவியலும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரைட்மன் இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விஸ்கியின் புகைவாசத்துக்குப் பங்களிக்கும் குவாயகால் என்ற மூலக்கூறு, தண்ணீரும் மதுவும் கலந்த திரவத்தில் எங்கே போய் நிற்கிறது என்று கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள்.

மது 45 விழுக்காடு வரை இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. மேற்பரப்பில் இருந்தால் எளிதாக மூக்குக்கு எட்டும். 59 விழுக்காட்டுக்கு மேல் போனால்? மது மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. அது திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

59. நம் 105 நிற்பது 60-இல்!

கொஞ்சம் நிதானமும் வேண்டும். அவர்கள் பார்த்தது ஒரே ஒரு மூலக்கூறை. அதுவும் கணினியில். உலர்திராட்சை வாசமும் கிராம்பு வாசமும் அப்படியே நடந்துகொள்ளும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மூடியிருந்த வாசம் திறந்துகொள்வதை யார் வேண்டுமானாலும் மூக்கால் சோதித்துப் பார்க்கலாம். 105-இல் அதுவரை டாஃபியும் மரமுமாக இருந்தது திடீரென்று பழக்கூடையாக மாறும். பேரிக்காய், ஆரஞ்சு, கொஞ்சம் பூ வாசம்கூட.

அதிகமாக ஊற்றினால்? அதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 25 விஸ்கிகளைத் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து முகரச் செய்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீரின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டியதும், ஒரே வகையைச் சேர்ந்த விஸ்கிகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பது கடினமாகிவிட்டது. ஸ்காட்ச் ஸ்காட்சாகத்தான் இருந்தது. ஆனால் இது எந்த ஸ்காட்ச் என்று சொல்ல முடியவில்லை. வலிமை கூடிய விஸ்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் தாங்கும் என்பது என் கணிப்பு.

எவ்வளவு ஊற்றலாம்? கணக்குப் போட்டுவிடுவோம்

30 மில்லிலிட்டர், 60 விழுக்காட்டு விஸ்கி. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 51 விழுக்காடு. இரண்டு தேக்கரண்டி சேர்த்தால் 45. மூன்று சேர்த்தால் 40, அதாவது கடையில் விற்கும் சாதாரண விஸ்கியின் அளவு.

ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் அப்படியே ஒரு துளி. பிறகு சொட்டுச் சொட்டாக. எனக்கு 105 மிக நன்றாகப் பேசுவது ஒன்றுக்கும் இரண்டு தேக்கரண்டிக்கும் இடையில். உங்கள் நாக்கு வேறு எண்ணைச் சொல்லலாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

தண்ணீரோ பனிக்கட்டியோ சேர்த்ததும் சில விஸ்கிகள் லேசாகக் கலங்கும். பயப்படவேண்டாம், கலப்படம் இல்லை. பார்லியிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் வந்த கொழுப்பு அமிலங்களும் அவற்றின் கூட்டுப்பொருள்களும் அவை. மதுவின் அளவு 46 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை கரைந்திருக்கும். குறைந்து குளிர்ந்தால் வெளியே தெரியும். கடையில் போத்தல் கலங்கலாகத் தெரியக்கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் விஸ்கியைக் குளிரவைத்து அவற்றை வடிகட்டிவிடுகின்றன. அதோடு வாயில் படியும் அந்த எண்ணெய்த்தன்மையும் கொஞ்சம் போய்விடும் என்பது விஸ்கிப் பிரியர்களின் புகார். காஸ்க் ஸ்ட்ரெங்த் வகையில் பெரும்பாலானவை இப்படி வடிகட்டப்படுவதில்லை.

எல்லாக் காஸ்க் ஸ்ட்ரெங்த்தும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. அதே ஸ்பேசைட்டில் அபர்லார் வடிசாலையின் 'அபூனா' இருக்கிறது. கேலிக் மொழியில் 'மூலம்' என்று பொருள். 1997 முதல் வருகிறது. அதுவும் ஷெர்ரி பீப்பாய்தான். ஆனால் 105-ஐப்போல ஓர் எண்ணில் நிற்காது. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு எண், ஒரு வலிமை. பெரும்பாலும் 60-ஐ ஒட்டி முன்னே பின்னே இருக்கும். சென்ற முறை பிடித்தது இந்த முறை பிடிக்காமல் போகலாம்.

ஐலா தீவின் லஃப்ராய்க் 10 ஆண்டு காஸ்க் ஸ்ட்ரெங்த் வேறு உலகம். அங்கே பார்லியைச் சதுப்புநிலக் கரிமண் புகையில் உலர்த்துகிறார்கள். கிருமிநாசினி, கடற்பாசி, ஈரக் கயிறு, சாம்பல். முதல்முறை முகர்பவர்கள் 'என்ன, ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது?' என்பார்கள். அதையே தேடிப் போகிறவர்களும் உண்டு. குவாயகால் ஆய்வு சொன்னதைச் சோதிக்க விரும்பினால் இதுதான் சரியான போத்தல்.

வெப்ப நாடுகளின் கதை இன்னும் சுவாரஸ்யம். பெங்களூரின் அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை முதன்முதலில் அறிமுகப்படுத்தியது இந்தியாவில் அல்ல, ஸ்காட்லந்தின் கிளாஸ்கோவில்! தைவானின் யீலானில் காவலான் வடிசாலை 2005-இல் எழுந்தது. பத்தே ஆண்டில், 2015-இல், அதன் 'சோலிஸ்ட் வினோ பாரிக்' உலக விஸ்கி விருதுகளில் ஆகச் சிறந்த சிங்கிள் மால்ட் என்ற பட்டத்தைத் தட்டிச்சென்றது. அது காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கி, அதுவும் ஒற்றைப் பீப்பாயிலிருந்து எடுத்தது.

இந்த ஊர்களில் 'தேவதைகள்' பேராசைக்காரர்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு, சில சமயம் அதற்கும் மேல் ஆவியாகிறது. வெப்பத்தில் மரமும் மதுவும் வேகமாக உரசிக்கொள்வதால் நான்கைந்து ஆண்டிலேயே நிறமும் சுவையும் ஏறிவிடும். அதனால் போத்தலில் வயது குறைவாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். மறுபக்கம், இதைக் காரணம் காட்டி எல்லா இளம் விஸ்கியையும் அதிக விலைக்கு விற்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

விலை ஏன் அதிகம்?

ஒரு காரணம் சிங்கப்பூரின் வரி. இங்கே விஸ்கிக்குத் தீர்வை போத்தலுக்கு இவ்வளவு என்று போடப்படுவதில்லை. அதில் உள்ள மதுவின் அளவுக்குப் போடப்படுகிறது: ஒரு லிட்டர் தூய மதுவுக்கு 88 வெள்ளி. 700 மில்லிலிட்டர் போத்தல் 40 விழுக்காடு என்றால் தீர்வை 24 வெள்ளி 64 காசு. 60 விழுக்காடு என்றால் 36 வெள்ளி 96 காசு. அதற்குமேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு.

ஆனால் ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள். 60 விழுக்காட்டு 700 மில்லிலிட்டரை 40-க்குக் குறைத்தால் 1,050 மில்லிலிட்டர் கிடைக்கும். அதாவது ஒன்றரைப் போத்தல். விலையை ஒன்றரையால் வகுத்துவிட்டு, பிறகு பக்கத்துப் போத்தலோடு ஒப்பிடுங்கள். சில சமயம் 'விலை அதிகமான' போத்தல்தான் மலிவு என்று தெரியவரும். எப்போதும் அல்ல.

இந்த ஒன்றரைதான் ஆபத்தும்கூட

கடையில் செய்த கணக்கை மேசையில் மறந்துவிடுகிறோம். 30 மில்லிலிட்டர் சாதாரண விஸ்கியில் இருக்கும் மது சுமார் 9.5 கிராம். இங்கே 'ஒரு அளவு' என்று பொதுவாகக் கொள்ளப்படும் 10 கிராமுக்குப் பக்கத்தில். அதே 30 மில்லிலிட்டர் 60 விழுக்காடு என்றால் 14 கிராமுக்கு மேல். 'ரெண்டே ரெண்டு பெக்தான் போட்டேன்' என்பவர் உண்மையில் மூன்று போட்டிருக்கிறார். தண்ணீர் சேர்த்தால் அந்த 14 கிராம் குறைவதில்லை. எரிச்சல் மட்டும்தான் குறையும். அதனால் அடுத்தது இன்னும் எளிதாக உள்ளே போகும்.

சிங்கப்பூரில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம். பெக் எண்ணி வரம்பைக் கணிக்கும் பழக்கம் யாருக்கும் நல்லதில்லை. காஸ்க் ஸ்ட்ரெங்த் மேசைக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு சுத்தமாகப் பொய்த்துவிடும். வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஷெர்ரி பீப்பாய், ஒற்றைப் பீப்பாய், விலை கூடியது எதற்கும் அதில் விலக்கு இல்லை.

வாங்கி வந்தாச்சு. எங்கே வைப்பது?

விமானத்தில் கொண்டுவரலாம். 24 முதல் 70 விழுக்காடு வரையுள்ள மதுவை ஒரு பயணி 5 லிட்டர்வரை எடுத்துச்செல்லலாம். 70-ஐத் தாண்டினால் அறவே அனுமதியில்லை. தீப்பிடிக்கும் பொருள் கணக்கில் போய்விடும். ஸ்காட்லந்துப் போத்தல்களில் அந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்காவில் சில வறண்ட கிடங்குகளின் மேல்மாடிகளில் மதுவைவிடத் தண்ணீர் வேகமாக ஆவியாகி, வலிமை ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அங்கே 70-ஐத் தாண்டும் போத்தல்கள் உண்டு.

வீட்டில் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வைனைப்போலப் படுக்கவைக்கக்கூடாது, நிமிர்த்தியே வைக்கவேண்டும். 60 விழுக்காட்டு மது தொடர்ந்து பட்டால் கார்க் அரித்துப் பொடியாகிவிடும். திறக்கும்போது கார்க் உடைந்து உள்ளே விழுந்துவிட்டாலும் பரவாயில்லை. தேநீர் வடிகட்டியில் வடித்து, சுத்தமான வேறொரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மூடிவையுங்கள்.